சாதுவான கந்தகம்

ஆய்வகத்தில் அவளுக்கு மாவு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் எப்போதோ அது அவள் காதில் விழுந்துவிட்டது. விழுந்ததும் பிடித்தும் போய்விட்டது. அவள் பார்க்கிற வேலை அப்படி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேண்டிய வினையூக்கிகளைச் செய்து தரும் நிறுவனம் அது. வெள்ளை அலுமினாப் பொடியில் அமிலமும் தண்ணீரும் அளவாக விட்டுப் பிசைந்தால் மாவாகத் திரளும். அச்சில் போட்டு அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். அதைக் காயவைத்து, உலையில் சுட்டு, உலோகக் கரைசலில் ஊறப்போட்டு, மறுபடியும் சூடு காட்டினால் அரிசியைவிடச் சற்றே நீளமான நீலக் குச்சிகள் கிடைக்கும். அந்தக் குச்சிகள் நிரம்பிய கலனுக்குள் டீசலையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் சூடாக அனுப்பினால், டீசலில் ஒட்டிக்கொண்டிருக்கும் கந்தகம் கழன்று போகும். கழற்றிவிட்ட குச்சிகள் அப்படியே இருக்கும், அடுத்த ஆளுக்குத் தயாராக.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஒரு நல்ல குச்சியைச் செய்ய அவளுக்குப் பல வருடம் பிடித்தது. முதலில் வந்தவை கந்தகத்தை அருமையாகக் கழற்றின. ஆனால் விரலால் நசுக்கினால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்ந்தன. ஆலைக் கலனுக்குள் அப்படி உதிர்ந்தால் தூள் சேர்ந்து எண்ணெய் போகிற வழியை அடைத்துவிடும். சரி என்று கெட்டியாக்கினாள். கல்லாகிவிட்டன. எண்ணெய் உள்ளே நுழைய ஒரு துளைகூட மிச்சமில்லை. வலுவும் வேண்டும், துளையும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தாலே முறைத்துக்கொள்ளும். அமிலத்தை மாற்றினாள், பிசைகிற விதத்தை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், கடைசியில் அச்சையே மாற்றி, குறுக்கே வெட்டினால் மூன்று இதழ் தெரிகிற குச்சியாக இறக்கினாள். ஒருநாள் காலை, நசுக்கிப் பார்க்கும் கருவியின் முள் ஏறிக்கொண்டே போனது, குச்சி அசரவில்லை. அதே குச்சிகள் பரிசோதனைக் கலனில் மாதக்கணக்கில் ஓடியும் களைக்கவில்லை. அந்த முடிவு வந்த அன்றைக்கு நடைக்கூடத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு சுற்று ஆடினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த இயக்குநர் கை தட்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

அவளுடைய கணவன் ஊரின் மறுமுனையில் இருந்த சுத்திகரிப்பு ஆலையில் என்ஜினியர். டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்கும் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு. இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் தனியாக இருக்கும்போது நீ, வா, போ என்பார்கள். நாலு பேர் எதிரே மட்டும் நீங்க, வாங்க என்று மரியாதை திடீரென்று முளைத்துக்கொள்ளும். ஆய்வகத்துப் பட்டப்பெயரை அவளே ஒருநாள் உளறிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டிலும் அவன் அவளை மாவு என்றுதான் கூப்பிட்டான்.

வீட்டில் மூன்றாவது ஆள் நாத்தனார், அவனுடைய அக்கா. கல்யாணமெல்லாம் தனக்குச் சரிப்படாது என்று சிறு வயதிலேயே தீர்மானித்து, கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்து, பள்ளிகளுக்குச் சீருடை தைத்து நன்றாகவே வாழ்கிறவர். தம்பியும் தம்பி மனைவியும் சாப்பிட உட்கார்ந்தாலும் கந்தகம், படுத்தாலும் கந்தகம் என்று பேசுவதைச் சகிக்க முடியாமல் ஒரு சட்டம் போட்டிருந்தார்: சாப்பாட்டு மேஜையில் ஆலைப் பேச்சை யார் எடுக்கிறார்களோ அவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும். சட்டம் வந்த பிறகு அந்த வீட்டில் அதிகம் பாத்திரம் கழுவியது தம்பிதான்.

இந்தச் சமயத்தில்தான் ஆலையில் பழைய வினையூக்கியின் ஆயுள் முடிந்து, புதியதைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஆரம்பமானது. பல நிறுவனங்கள் மாதிரி அனுப்பின. அவளுடைய நீலக் குச்சிகளும் போயின. கணவன் முதல் நாளே மேலதிகாரியிடம் போய், இன்னார் என் மனைவி, ஆகவே தேர்வில் என்னைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான். வெளியிலிருந்து வந்த குழு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, கடைசியில் நீலக் குச்சிகளையே எடுத்தது. சேதி வந்த அன்று நாத்தனாரே சட்டத்தை மீறி, அப்படியானால் இனிமேல் நீ செய்ததைத்தான் இவன் கட்டிக்கொண்டு அழவேண்டுமா என்று கேட்டார். பாத்திரத்தையும் கழுவினார்.

குச்சிகளைக் கலனில் நிரப்புகிற அன்று அவளையும் அழைத்திருந்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு உச்சித் தளத்தில் நின்றாள். கிரேன் பீப்பாய் பீப்பாயாகத் தூக்கிவர, கலனின் வாயில் பொருத்திய நீளத் துணிக்குழாய் வழியாகக் குச்சிகள் சரசரவென்று இறங்கின. பல வருடமாகக் கிண்ணத்திலும் சின்னக் குப்பியிலும் பார்த்தது, இப்போது மழையாகக் கொட்டியது. தூரத்தில் கணவன் யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தவன் திரும்பி அவளைப் பார்த்தான். பேசியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. சிரிப்பு மட்டும் தெரிந்தது.

பிரிவு ஓட ஆரம்பித்தது. முதல் சில நாள் எதுவும் சொல்வதற்கில்லை. குச்சிகள் பதமாகி வேலைக்கு வரக் கொஞ்சம் அவகாசம் எடுக்கும். அதன் பிறகு வந்த அளவு யாரும் எதிர்பார்த்ததல்ல. சுத்தமான டீசலில் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள் கந்தகம் இருக்க வேண்டும். வந்தது முப்பதுக்கு மேல். சூட்டை ஏற்றினார்கள். அசையவில்லை. இன்னும் ஏற்றினார்கள். மனசில்லாமல் ஒன்றிரண்டு இறங்கியது. இப்படி ஏற்றிக்கொண்டே போனால் சில வருடம் உழைக்க வேண்டிய வினையூக்கி சில மாதத்திலேயே கிழடாகிவிடும்.

ஆலையில் கூட்டம் போட்டார்கள். ஆலையின் மேலாளரை எல்லாரும் சுருக்கமா சார் என்பார்கள். எதிரே இருப்பவர் வாயைத் திறந்ததும் ‘சுருக்கமா சொல்லுங்க’ என்பார். அப்புறம் அவரே நீளமாகப் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான். மேஜையின் ஒரு பக்கம் அவளும், வெளிறிப்போன விற்பனைப் பிரிவுக்காரரும். எதிர்ப் பக்கம் ஆலைக்காரர்கள், நடுவில் அவளுடைய கணவன். அவன் அவளை மேடம் என்று விளித்து, எண்களை ஒன்றொன்றாகப் படித்தான். ஒளிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அவள் அதற்காக அவனை மெச்சினாள். அதே சமயம் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதிக்க வேண்டும் போலவும் இருந்தது. மேலாளர் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடம் இதுதான்: அடுத்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் வெளியே அள்ளிவிட்டு, பழைய வகையையே திரும்ப நிரப்ப வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் நாத்தனார் சோறு பரிமாறினார். மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நாத்தனார்தான் பொறுக்க மாட்டாமல் பேசினார்.

“அந்தச் சட்டத்தை இன்னிக்குத் தள்ளி வெச்சிடறேன். பேசித் தொலைங்க. ரெண்டு பேரும் ஊமையா உக்காந்தா எனக்குச் சோறு இறங்கல.”

அவள் கணவனைப் பார்த்தாள். “நீ என்ன நினைக்கிற?”

“நான் என்ன நினைக்கிறது. நம்பரைத்தான் பாத்தியே.”

“நம்பரைக் கேக்கல. உன்னைக் கேக்குறேன்.”

அவன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான். “தெரியல மாவு. உங்க சின்ன ரியாக்டர் விரல் தண்டி. எங்களது மூணு மாடி உசரம். அதுல நடந்தது இதுலயும் நடக்கும்னுதான் நானும் நம்பினேன்.”

நம்பினேன் என்று இறந்த காலத்தில் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. அவனும் சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தான் போலிருக்கிறது. நம்பறேன், நம்பறேன் என்று இரண்டு முறை திருத்தினான். நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். வேலைக் கவலை எல்லாவற்றையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கொஞ்சம் தெளிவும் வந்தது.

மறுநாள் காலை ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஆலையிலிருந்து வந்த எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். குறை குச்சியில்தான் என்றே வைத்துக்கொள்வோம். மந்தமான குச்சியாக இருந்தாலும் சூடு ஏறினால் சுறுசுறுப்பாகும். கந்தகம் சரசரவென்று இறங்க வேண்டும். இங்கே அவ்வளவு ஏற்றியும் பெரும்பகுதி அப்படியே உட்கார்ந்திருந்தது. சூட்டுக்கு அசையாத ஒன்று என்றால், அது சூட்டையே பார்த்திருக்காதோ?

ஆலையின் சுத்தமான டீசலில் ஒரு குப்பி கேட்டு வாங்கினாள். கந்தகம் மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் ஆலையில் அளப்பார்கள். அவளுடைய ஆய்வகத்தில் இருந்த கருவியோ கந்தகச் சேர்மங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டும். டீசலில் உள்ள கந்தகம் எல்லாம் ஒரே குணம் இல்லை. சில சாது. தொட்டாலே கழன்றுவிடும்; எவ்வளவு மட்டமான குச்சியும் அவற்றைக் கழற்றிவிடும். சில முரடு. இரண்டு பக்கமும் கிளைகளை விரித்துக்கொண்டு நடுவில் பதுங்கியிருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டத்தான் நல்ல குச்சி வேண்டும். சுத்தம் செய்து வெளியே வந்த டீசலில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது முரடுதான், சாது இருக்கவே இருக்காது.

கருவி மெல்ல வரைபடத்தை வரைந்தது. இடது பக்கம் சாதுக்கள் வரும் இடம். அங்கே கோடு தரையோடு தரையாகப் போக வேண்டும். போகவில்லை. சின்னதும் பெரியதுமாக முகடுகள் எழும்பின. அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சுத்தம் செய்யாத டீசலின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அளவு மட்டும்தான் வேறு, ஜாடை அப்படியே அதுதான். இந்தக் கந்தகம் அவளுடைய குச்சிகளைத் தாண்டி வரவில்லை. அவற்றின் வாசல் பக்கமே வரவில்லை.

கலனுக்குள் போகிற எண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும், வெளியே வருகிறது கொதிக்கும். வெளியே வருவதன் சூட்டை வீணாக்காமல் உள்ளே போவதற்குக் கொடுக்க ஒரு பெரிய உருளை உண்டு; எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். அதற்குள் கற்றையாக மெல்லிய குழாய்கள். குழாய்க்கு உள்ளே ஒரு எண்ணெய், வெளியே இன்னொன்று. சூடு மட்டும்தான் கைமாற வேண்டும், எண்ணெய் கலக்கக் கூடாது. அங்கே எங்கேயோ ஒழுகுகிறது. அழுக்கு டீசல் கலனுக்குப் போகாமலே, சுத்தமாகி வந்த டீசலில் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

கணவனைப் போனில் கூப்பிட்டாள். அவன் பிரிவுக்குள் நின்றிருந்தான்; பின்னால் ஒரே இரைச்சல்.

“உன் எக்ஸ்சேஞ்சர் ஒழுகுது” என்றாள்.

அவன் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்று திரும்பக் கேட்டான். அவள் திரும்பச் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. “அதைப் போன மாசம்தான் திறந்து, அழுத்தம் குடுத்துப் பாத்து மூடினோம். கையெழுத்து போட்டது நான்.”

“கையெழுத்து போட்டா ஒழுகாதா?”

“எதை வெச்சு சொல்ற?” என்றான் அவன். அவள் சாதுவையும் முரட்டையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரே வகுப்பில் படித்தவனாயிற்றே. ஆனால் புரிவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. எவ்வளவு ஒழுகினால் இந்த எண் வரும் என்று மட்டும் கேட்டான். ஆயிரத்தில் மூன்று பங்குகூட வேண்டாம் என்றாள் அவள். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

“அவ்வளவு கொஞ்சமா இருந்தா எந்த மீட்டர்லயும் தெரியாது” என்றான் கடைசியில். குரல் மாறியிருந்தது. “நான் பாக்குறேன். வெச்சிடட்டுமா?”

கலனிலிருந்து எண்ணெய் வெளியே வந்த உடனே, எக்ஸ்சேஞ்சருக்குப் போவதற்கு முன்னால், மாதிரி எடுக்க ஒரு சின்ன வால்வு இருந்தது. பல வருடமாக யாரும் தொடாததால் வெப்பத்தைக் காக்கும் உறைக்குள் புதைந்து கிடந்தது. அங்கே எண்ணெய் கொதிக்கும், அழுத்தமும் பயங்கரம். நினைத்தவுடன் திறந்துவிட முடியாது. அவன் மேலாளரிடம் போனான். மனைவி சொன்னதற்காகவா இத்தனை மெனக்கெடல் என்று மேலாளர் கேட்டாராம். ‘இல்ல சார், வேற யார் சொல்லியிருந்தாலும் இன்னும் சீக்கிரமே வந்திருப்பேன்’ என்று இவன் சொல்லியிருக்கிறான். மேலாளர் சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

பாதுகாப்புக்காரர்கள் வந்து பார்த்தார்கள். உறையைப் பிரித்து, வால்வைச் சோதித்து, எண்ணெயைக் குளிர வைக்கிற சுருள் குழாயைப் பொருத்தினார்கள். மத்தியான வெயிலில் மூடிய உடையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கணவனும் ஆபரேட்டர் ஒருவரும் மாதிரி எடுத்தார்கள். அவள் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றாள். குப்பியில் சொட்டியது, தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மனசு குதித்தது.

ஆலையின் சோதனைக்கூடத்தில் எப்போதும் முடிவைப் போனில்தான் சொல்வார்கள். அன்று அங்கிருந்த சோதனையாளர் பெண்மணி தாளைக் கையில் வைத்துக்கொண்டு தானே நடந்து வந்தார். வருகிற நடையிலேயே தெரிந்துவிட்டது. கந்தகம் நாலு. பத்துக்குள் வந்தால் போதும் என்ற இடத்தில் நாலு.

கணவன் தாளை வாங்கிப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். அப்புறம் பக்கத்தில் சோதனையாளர், ஆபரேட்டர்கள், விற்பனைப் பிரிவுக்காரர் எல்லாரும் இருப்பதே மறந்துபோய், “மாவு, நாலு” என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றோடு ஆலையிலும் அவள் மாவு மேடம் ஆனாள்.

கூட்டம் மறுபடியும் கூடியது. இந்த முறை கணவன் எழுந்து நின்று, வினையூக்கியில் குறை இல்லை, குறை என் பிரிவில், எக்ஸ்சேஞ்சரைச் சோதித்து மூடியது நான்தான் என்றான். அதை அவன் வருத்தத்தோடு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முகமெல்லாம் பல்லாகச் சொன்னான். தோற்றவன் மாதிரியே இல்லை. விற்பனைப் பிரிவுக்காரருக்கு ரத்தம் திரும்பி வந்தது. மேலாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நிறுத்துங்க, திறங்க, சரி பண்ணுங்க” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் அத்தனை சுருக்கமாகப் பேசி அந்த ஆலையில் யாரும் கேட்டதில்லை.

எக்ஸ்சேஞ்சரைத் திறந்து ஒவ்வொரு குழாயாகச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான குழாய்களில் ஒரே ஒரு குழாய், அதில் ஒரு வெடிப்பு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சூடானால் விரிகிற வெடிப்பு. போன மாதச் சோதனையில் அது அகப்படாததற்குக் காரணம் அதுதான். கேட்டதும் கணவனுக்குப் பாதி நிம்மதி. குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, மூடி, மறுபடி ஓட்டினார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. ஏற்றிய சூட்டைப் படிப்படியாக இறக்கினார்கள். குழாய்களில் மிச்சமிருந்த பழைய அழுக்கு கழுவிப் போகப் போக, கந்தகம் எட்டு, ஏழு, ஆறு என்று வந்து நின்றது. சூட்டை இன்னும் இறக்கினார்கள். அது ஆறிலேயே சாவகாசமாக நின்றது. மூத்த ஆபரேட்டர் ஒருவர், மருந்து நல்லா வேலை செய்யுதே, என்று ஏதோ வைத்தியரிடம் பேசுவதுபோல் சொன்னார். பல வருடத்து மாவு, பல வருடத்து உதிரல், எல்லாம் இந்த அறையில் ஒரு பச்சை எண்ணாக எரிந்துகொண்டிருந்தது. நன்றி என்று சொல்ல நினைத்தவள், இன்னும் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை முழுக்கச் சொன்னார்கள். நாத்தனார் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே கேட்டார். “ஆக, ஒழுகினது குழாய், ஏச்சு வாங்கினது இவளா?” என்றார். தம்பி பக்கம் திரும்பி, “அவகிட்ட மன்னிப்பு கேட்டியா?” என்றார். கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன் என்றான் அவன். அது ஆபீஸுக்கு, வீட்டுக்கு எங்கே என்றார் அவர். அவன் உடனே எழுந்து இரண்டு கையையும் கூப்பி, “நம்பறேன்” என்றான். இந்த முறை சரியான காலத்தில் சொன்னான்.

சில வாரம் கழித்து நாத்தனார் சீருடை மூட்டைகளை ஏற்றிப்போக ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். முதல் ஓட்டத்துக்கு மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழியில் எண்ணெய் நிரப்பும்போது, இந்த பங்க்குக்கு எங்கள் ஆலை டீசல்தான் வருகிறது என்றான் கணவன். நாத்தனார் கீழே இறங்கி வேனைச் சுற்றிப் போய், புகைபோக்கி அருகே குனிந்து மோந்து பார்த்தார். இன்ஜினை நிறுத்திவைத்திருப்பதால் ஒன்றும் தெரியாது அண்ணி என்று இவள் உள்ளேயிருந்து சொல்ல, அப்படியானால் கிளப்பச் சொல்லு உன் புருஷனை என்றார் அவர். கிளப்பினான். வேன் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து தள்ள, அவளும் இறங்கித் தள்ள, நாத்தனார் மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு வேனோடு கூடவே ஓடிவந்து ஏறிக்கொண்டார். “உங்க டீசல் சரியாத்தான் இருக்கும், வண்டிதான் கிழடு” என்று மூச்சு வாங்கச் சொன்னார். வேன் ஓட ஆரம்பித்திருந்தது. அவள் இன்னும் கீழேதான் இருந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, சிரித்துச் சிரித்து ஓட முடியாமல், திறந்த கதவைப் பிடிக்க ஓடினாள்.